கன்று வீச்சு நோய்: காய்ச்சல் நின்ற பிறகும் ஆறு வாரம் மாத்திரை எதற்கு?

வாய்க்கால்கரை | ஞாயிறு, இரவு 9.20

வணக்கம். கோபி பக்கம் கிராமம். அப்பாவுக்கு 61 வயது, மூன்று கறவை மாடு வைத்திருக்கிறார். எனக்குத் திருப்பூரில் வேலை, வாரம் ஒரு தடவை ஊருக்குப் போவேன்.

சந்தையில் பிடித்து வந்த ஜெர்சி கலப்பு ஒன்று ஏழு மாதச் சினையில் கன்று வீசிவிட்டது, குறைமாதத்திலேயே கன்று செத்து விழுந்தது. நஞ்சுக்கொடி விழவில்லை. அப்பா எப்போதும் போல வெறுங்கையால் இழுத்துப் போட்டார். மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல். பகலில் ஒன்றும் தெரியாது, தோட்டத்துக்குக்கூடப் போவார். சாயந்திரம் ஆனால் குளிர், ராத்திரி வேர்த்து ஊற்றும், இரண்டு பனியன் மாற்றுவார். இடுப்பு வலி வேறு. டைபாய்டு என்று ஏழு நாள் ஊசி போட்டார்கள். குறைந்தது, பத்து நாளில் திரும்பி வந்தது. அப்புறம் டி.பி. சந்தேகம், எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. இரண்டு மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கிவிட்டார்.

கடைசியில் போன இடத்தில் டாக்டர் உட்காரச் சொன்னதுமே கேட்டது இதுதான்: "வீட்ல மாடு இருக்கா? ஏதாவது கன்னு வீசுச்சா?" ரத்தப் பரிசோதனையில் புருசெல்லா என்று வந்தது, மாட்டைக் கன்று வீச வைக்கிற அதே கிருமி. டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் காலையும் இரவும், ரிஃபாம்பிசின் 600 காலையில் வெறும் வயிற்றில், இரண்டும் ஆறு வாரம்.

இன்றைக்கு ஒன்பதாம் நாள். காய்ச்சல் சுத்தமாக இல்லை. ஆனால் வயிறு எரிகிறது, மூத்திரம் செம்மண் தண்ணீர் மாதிரி போகிறது என்று அப்பா பயப்படுகிறார். "காய்ச்சல்தான் போயிருச்சே, இன்னும் எதுக்குடா" என்கிறார். அவர் கேட்பதும் நியாயமாகத்தான் தெரிகிறது. யாராவது இந்த ஆறு வாரத்தை முழுக்க முடித்திருக்கிறீர்களா?

நாட்டுமாடு | ஞாயிறு, இரவு 9.48

என் தாத்தா மடியில் இருந்து நேராகப் பச்சைப்பால் பீச்சிக் குடித்து 88 வயது வரை இருந்தார். இந்த நோய் எல்லாம் கலப்பின மாடு வந்த பிறகுதான். ஒன்பது நாள் மாத்திரை போதும், நிறுத்திவிட்டு கஷாயம் கொடுங்கள். குடல் கெட்டுப்போகும்.

பாலைவனத்தான் | ஞாயிறு, இரவு 10.15

தம்பி, நிறுத்தாதீங்க. நிறுத்திப் பட்டவன் சொல்றேன்.

சவூதியில் எட்டு வருடம் டிரைவர் வேலை. வெள்ளிக்கிழமை முதலாளியின் ஒட்டகப் பட்டிக்குப் போனால் கறந்த பாலை நுரையோடு பெரிய கிண்ணத்தில் நீட்டுவார்கள். வேண்டாம் என்றால் மரியாதை இல்லை, குடித்துவிடுவேன். அந்த ஊரில் இந்தக் காய்ச்சலைச் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள், 'ஹும்மா மால்திய்யா' என்று பேரே இருக்கிறது. மால்டா காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் ஆறு வாரம், கூடவே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி மூன்று வாரம் என்று எழுதினார்கள். ஊசி முடிந்த அன்றைக்கு எனக்கு உடம்பில் ஒன்றுமே இல்லை. மாத்திரையையும் அதோடு விட்டேன்.

சரியாக இரண்டு மாதம். காய்ச்சல் வந்தது மட்டும் இல்லை, ஒரு பக்க விரை வீங்கி நடக்க முடியவில்லை. லீவு போட்டு ஊருக்கு வந்து மறுபடி முதலில் இருந்து. அந்தக் கதையை வீட்டில் சொல்ல என்ன பாடுபட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

இரவுப்பணி | திங்கள், அதிகாலை 1.05

பொது மருத்துவம் பார்க்கிறேன். பணி நேரத்துக்கு நடுவில் எழுதுவதால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் கேள்வி நல்ல கேள்வி. பல கிருமிகள் ரத்தத்திலும் திசுக்களின் இடைவெளியிலும் இருக்கும். மருந்து போய்ச் சேர்ந்தால் ஐந்து, ஏழு நாளில் கதை முடியும். புருசெல்லா அப்படி இல்லை. கிருமியை விழுங்கிக் கொல்ல வேண்டிய வெள்ளணுவுக்குள்ளேயே போய் உட்கார்ந்து பெருகும். திருடனைப் பிடிக்கப் போன போலீஸ் ஜீப்பிலேயே திருடன் ஏறிச் சுற்றுகிற மாதிரி. கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, முதுகெலும்பு என்று அந்த அணு போகிற இடத்துக்கெல்லாம் இதுவும் போகும். அணுவின் உள்ளே நுழையக்கூடிய மருந்து வேண்டும், நீண்ட நாள் வேண்டும், தனியாக ஒரு மருந்து போதாது. டாக்ஸிசைக்ளினை மட்டும் கொடுத்தாலும் காய்ச்சல் இறங்கும். ஆனால் திரும்பி வருபவர்களின் எண்ணிக்கை கூடும்.

காய்ச்சல் நிற்பது வெளியே திரிகிற கிருமி குறைந்ததற்கு அடையாளம். உள்ளே இன்னும் மீந்திருக்கும். பாலைவனத்தான் அண்ணனுக்கு நடந்தது அதுதான்.

ஆறு வாரம் என்பதும் ஒருவர் மனதில் தோன்றிய எண் இல்லை. குறைந்த நாள் கொடுத்துப் பார்த்து, திரும்பி வருவதைக் கண்டு நீட்டியது. 1986-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு டாக்ஸிசைக்ளினோடு ரிஃபாம்பிசின் ஆறு வாரம் என்றும், மாற்றாக டாக்ஸிசைக்ளின் ஆறு வாரத்தோடு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி இரண்டு, மூன்று வாரம் என்றும் சொன்னது. இன்றும் பெரிய மாற்றம் இல்லை. ஸ்ட்ரெப்டோமைசினுக்குப் பதில் ஜென்டாமைசின் ஏழு முதல் பத்து நாள் கொடுப்பவர்கள் உண்டு.

எனக்கு மாத்திரையைவிட இடுப்பு வலிதான் உறுத்துகிறது. இப்போதும் இருக்கிறதா? உட்கார்ந்து எழும்போதா, ராத்திரி படுத்திருக்கும்போதுமா? முதுகெலும்பில் இறங்கியிருந்தால் ஆறு வாரம் போதாது, மூன்று மாதமாவது ஆகும். எம்.ஆர்.ஐ. எடுத்தார்களா?

நாட்டுமாடு | திங்கள், காலை 6.30

சார், எல்லாவற்றுக்கும் ஆன்டிபயாடிக்தானா?

இரவுப்பணி | திங்கள், காலை 7.10

முதலில், சார் இல்லை, மேடம். :)

எல்லாவற்றுக்கும் இல்லை. சளிக்கு அசித்ரோமைசின் கேட்டு வருபவர்களிடம் தினமும் சண்டை போடுகிறவள் நான். தேவையில்லாத இடத்தில் மூன்று நாள் சாப்பிடுவதும், தேவையான இடத்தில் ஒன்பது நாளில் நிறுத்துவதும் ஒரே கைப்பழக்கம்தான். உங்கள் தாத்தா நன்றாக இருந்தது சந்தோஷம். இந்த நோய் கலப்பின மாட்டோடு வந்தது என்பது மட்டும் சரியில்லை. 1887-இலேயே மால்டா தீவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ், செத்துப்போன சிப்பாய்களின் மண்ணீரலில் இந்தக் கிருமியைப் பார்த்துவிட்டார். எங்கிருந்து வருகிறது என்று புரியப் பதினெட்டு வருடம் ஆனது. 1905-இல் அந்த ஊர்க்காரர் தெமிஸ்டோக்ளிஸ் சம்மிட் ஆடுகளின் ரத்தத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். பார்க்க நன்றாகவே இருந்த ஆடுகள். அவற்றை வீட்டு வாசலுக்கே ஓட்டி வந்து பால் கறந்து கொடுப்பார்களாம். மறு வருடம் ராணுவத்துக்கு ஆட்டுப்பாலை நிறுத்தியதும் சிப்பாய்களுக்குக் காய்ச்சல் சட்டென்று குறைந்தது.

மாத்திரைப்பட்டை | திங்கள், காலை 9.35

மருந்துக்கடை வைத்திருக்கிறேன். வயிற்று எரிச்சல் பற்றி.

டாக்ஸிசைக்ளின் கேப்சூலை ஒரு மடக்குத் தண்ணீரில் முழுங்கிவிட்டு அப்படியே படுப்பார்கள். அது உணவுக்குழாயில் ஒட்டி அங்கேயே கரைந்து புண்ணாக்கும். நெஞ்சுக்கு நடுவில் குத்துகிற மாதிரி வலிக்கும். இரவு மாத்திரையைச் சாப்பாடு முடிந்த உடனே, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு போட்டுக்கொண்டு, அப்புறம் அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்கச் சொல்லுங்கள். டி.வி. பார்க்கட்டும்.

எரிகிறது என்று பால் கொடுக்காதீர்கள். அந்த ரோஸ் கலர் ஆன்டாசிட் திரவமும் வேண்டாம். பாலில் இருக்கிற கால்சியம், ஆன்டாசிடில் இருக்கிற அலுமினியம், மக்னீசியம், ரத்தம் ஊற எழுதிக் கொடுக்கும் இரும்பு மாத்திரை எல்லாமே டாக்ஸிசைக்ளினைப் பிடித்துக்கொள்ளும். மருந்தில் ஒரு பகுதி உடம்பில் சேராமலே வெளியே போய்விடும். இரண்டு, மூன்று மணி நேர இடைவெளி வேண்டும்.

சிவப்பு மூத்திரம் ரிஃபாம்பிசினின் நிறம். வேர்வை, கண்ணீர்கூட ஆரஞ்சு ஆகும். வெள்ளைப் பனியன் கறை படும். ஆனால் கண் வெள்ளை மஞ்சளானால், சாப்பாட்டைக் கண்டாலே குமட்டினால் அது வேறு விஷயம், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள், கல்லீரலைப் பார்க்க வேண்டும். தோட்டத்துக்குப் போனால் தலையில் துண்டும் முழுக்கைச் சட்டையும். டாக்ஸிசைக்ளின் சாப்பிடும்போது வெயில் தோலைச் சுட்டுவிடும்.

அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை ஏதாவது உண்டா?

வாய்க்கால்கரை | திங்கள், இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. மேடம், வலி இன்னும் இருக்கிறது, ராத்திரியும். எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை.

அண்ணே, இரண்டுமே உண்டு. சர்க்கரைக்கு கிளிமெபிரைடு, பிரஷருக்கு அம்லோடிபின். இன்று வீட்டு மெஷினில் பார்த்தால் சாப்பாட்டுக்கு முன் 212. முன்பு 130-க்குள் இருக்கும். அப்பா இட்லியின் மேல் பழி போடுகிறார். இரவு மாத்திரையைப் பாலோடுதான் கொடுத்திருக்கிறார் அம்மா. ஒன்பது நாளும்.

மாத்திரைப்பட்டை | திங்கள், இரவு 9.05

இட்லி பாவம். ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிடும், மற்ற மருந்துகளை அது சீக்கிரம் சிதைத்துத் தள்ளிவிடும். கிளிமெபிரைடு, அம்லோடிபின் இரண்டின் பலமும் குறையும். சர்க்கரை மாத்திரையை நீங்களாகக் கூட்ட வேண்டாம். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் இந்த 212-ஐக் காட்டுங்கள், பிரஷரும் பார்க்கச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், ரிஃபாம்பிசின் முடிந்த பிறகு மறுபடி அளவைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு வாரம் கழித்துச் சர்க்கரை தரைக்கு இறங்கி மயக்கம் போடுவார்.

சோதனைக்குழாய் | திங்கள், இரவு 10.40

ஒரு ஆட்சேபம். டி.பி. இவ்வளவு இருக்கிற நாட்டில், டி.பி.க்கே முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினை ஏன் இப்படிக் கொடுக்க வேண்டும்? அப்பாவுக்கு டி.பி. சந்தேகம் வேறு இருந்தது என்கிறார். உள்ளே டி.பி. ஒளிந்திருந்தால், அதற்குரிய மற்ற மருந்துகள் இல்லாமல் ஆறு வாரம் ரிஃபாம்பிசின் மட்டும் போனால் என்ன ஆகும்? ரிஃபாம்பிசினுக்கு அசையாத டி.பி.யை நாமே வளர்த்து விடுவோம். நான் லேபில் இருப்பவன், மருந்து எழுதுகிறவன் இல்லை. ஆனால் அந்த ரிப்போர்ட்டுகள் என் கை வழியாகத்தான் போகின்றன.

இரவுப்பணி | செவ்வாய், அதிகாலை 12.30

சரியான ஆட்சேபம், இதில் டாக்டர்களுக்குள்ளும் ஒரே கருத்து இல்லை. நானாக இருந்தால் டாக்ஸிசைக்ளினோடு ஊசி என்ற வழியைத்தான் முதலில் யோசிப்பேன். இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் ஊசி சேர்ந்த கூட்டுக்குத்தான் நோய் திரும்பி வருவது குறைவு. ரிஃபாம்பிசின் டாக்ஸிசைக்ளினின் அளவையுமே ரத்தத்தில் குறைத்துவிடும், அதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஸ்ட்ரெப்டோமைசினும் ஜென்டாமைசினும் சிறுநீரகத்தையும் காதையும் பதம் பார்க்கும். 61 வயது, சர்க்கரை வேறு. கிராமத்தில் இருந்து தினமும் ஊசிக்கு யார் கூட்டிப் போவது? இதையெல்லாம் பார்த்துத்தான் அந்த டாக்டர் மாத்திரைக்குப் போயிருப்பார். சளியும் எக்ஸ்ரேவும் பார்த்து டி.பி. இல்லை என்று தெரிந்த பிறகுதானே கொடுத்தார். தவறு என்று சொல்ல மாட்டேன்.

முதுகெலும்பு என்று வந்தால் கணக்கு மாறும். எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப் போடாதீர்கள். முதுகெலும்பு டி.பி.யும் இதுவும் படத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அதையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சோதனைக்குழாய் | செவ்வாய், காலை 7.55

ஏற்றுக்கொள்கிறேன். இன்னும் இரண்டு விஷயம், எங்கள் பக்கத்தில் இருந்து.

ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் இருக்கிற கிருமியை லேபில் வளர்த்துப் பார்ப்பது) அனுப்பும்போது சீட்டில் 'புருசெல்லா சந்தேகம்' என்று ஒரு வார்த்தை எழுதச் சொல்லுங்கள். மெதுவாக வளர்கிற கிருமி, சொன்னால்தான் நாங்கள் பாட்டிலைக் கூடுதல் நாள் வைத்திருப்போம். இன்னொன்று எங்கள் உயிர். லேபில் வேலை செய்பவர்களுக்குத் தொற்றுகிற கிருமிகளில் இது முன்வரிசை. மூடி திறந்து முகர்ந்து பார்த்தால் முடிந்தது.

மருந்து முடிந்ததும் அதே ரத்தப் பரிசோதனையை எடுத்துவிட்டு "இன்னும் பாசிட்டிவ்" என்று பதறாதீர்கள். எதிர்ப்புப் பொருள் குணமான பிறகும் மாதக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். டைட்டர், அதாவது ரத்தத்தை எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் எதிர்ப்புப் பொருள் தெரிகிறது என்ற அளவு, 1:160-க்கு மேல் என்பதை அறிகுறியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆள் எப்படி இருக்கிறார், எடை ஏறுகிறதா, அதுதான் கணக்கு.

ஈத்துக்கணக்கு | செவ்வாய், இரவு 9.15

கால்நடை மருத்துவர். மூன்று நாளாக மனுஷனைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்த மாடு இப்போது எங்கே?

வாய்க்கால்கரை | செவ்வாய், இரவு 9.40

கட்டுத்தறியில்தான் சார். கறக்கிறது, நாலு லிட்டர். திரும்ப ஊசி போட்டுச் சினை பிடிக்க வைக்கலாம் என்று அப்பா சொல்கிறார். இல்லையென்றால் சந்தையில் தள்ளிவிடலாம் என்று மாமா. மாட்டுக்கும் இதே மாத்திரை கொடுத்தால் சரியாகுமா?

ஈத்துக்கணக்கு | செவ்வாய், இரவு 10.30

மாட்டுக்கு மருந்து இல்லை. அந்த உடம்புக்கு எவ்வளவு நாள், எவ்வளவு மருந்து என்று யோசித்துப் பாருங்கள். கொடுத்தாலும் கிருமி மடியிலும் நிணநீர்க் கட்டிகளிலும் தங்கிவிடும், பாலில் மருந்து வந்ததுதான் மிச்சம். அதனால் யாரும் மாட்டுக்குச் சிகிச்சையைப் பரிந்துரைப்பதில்லை.

நம் ஆட்கள் ஏமாறுவது எங்கே தெரியுமா? இந்த நோய் வந்த மாடு பெரும்பாலும் ஒரு தடவைதான் வீசும். அடுத்த ஈத்தில் கன்று நன்றாகப் போடும். "சரியாயிருச்சு" என்று நினைப்போம். ஆனால் ஒவ்வொரு ஈத்திலும் பனிக்குடத் தண்ணீரிலும் கொடியிலும் கோடிக்கணக்கில் கிருமி கொட்டும், பாலிலும் வரும். சந்தையில் தள்ளினால் இன்னொரு வீட்டு அப்பாவுக்குக் காய்ச்சல். உங்களுக்கு விற்றவரும் அதைத்தான் செய்திருக்கிறார்.

உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் சொல்லி மூன்றுக்கும் ரத்தம் எடுங்கள். ரோஸ் பெங்கால் என்று ஒரு சோதனை, சில நிமிடத்தில் தெரியும். அந்த மாட்டைத் தனியாகக் கட்டுங்கள், தண்ணீர்த் தொட்டியும் தனி. வீசிய இடத்தைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கன்றையும் கொடியையும் என்ன செய்தீர்கள்?

வாய்க்கால்கரை | செவ்வாய், இரவு 10.42

கன்றைப் புதைத்தோம். கொடியை ஓலைப்பாயில் கட்டி வழக்கம் போல ஆலமரத்தில்.

ஈத்துக்கணக்கு | செவ்வாய், இரவு 10.58

பால் மரத்தில் கட்டினால் பால் பெருகும் என்கிற நம்பிக்கை எனக்கும் தெரியும், என் பாட்டியும் செய்வார். காக்காய், நாய் இழுத்துப் போட்டால் ஊர் முழுக்க வினியோகம். இனி எந்த ஈத்தானாலும் ஆழக் குழி, மேலே சுண்ணாம்பு.

கிடேரிக் கன்று இருந்தால் நாலு மாதத்துக்கு மேல் எட்டு மாதத்துக்குள் எஸ்-19 தடுப்பூசி, வாழ்நாளில் ஒரு தடவை. 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசம். காளைக் கன்றுக்கும் சினை மாட்டுக்கும் போடக்கூடாது.

அது உயிருள்ள கிருமித் தடுப்பூசி. ஒரு முகாமில் கன்று துள்ளி ஊசி என் கட்டைவிரலில் ஏறிவிட்டது. இதே டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் மூன்று வாரம் முன்கூட்டியே சாப்பிட்டேன். மூத்திர நிறத்தைப் பார்த்து வீட்டில் கேட்டபோது பீட்ரூட் என்றேன். நம் நாட்டில் மனிதர்களுக்கு இதற்குத் தடுப்பூசி கிடையாது.

தாமரைக்குளம் | புதன், பகல் 2.20

அக்கா, எனக்கு ஏழாம் மாதம். அம்மா வீட்டில் இப்படி ஒரு மாடு போன மாதம் வீசியது. பாலைக் காய்ச்சித்தான் குடித்தேன். தயிரும் சாப்பிட்டேன். எனக்குக் காய்ச்சல் இல்லை. பயமாக இருக்கிறது.

இரவுப்பணி | புதன், இரவு 11.50

பொங்கி வரும்வரை காய்ச்சிய பாலில் இந்தக் கிருமி பிழைக்காது. அதில் உறை ஊற்றிய தயிர், மோர் எல்லாம் சரி. நம் வீடுகளில் பால் காய்ச்சாமல் குடிப்பது குறைவு, அதனால் இங்கே முக்கிய வழி தொழுவம்தான்: விரலில் இருக்கிற சின்ன வெட்டு, கண்ணில் தெறித்த தண்ணீர். மாடு ஈனும்போது பக்கத்தில் நிற்காதீர்கள், தொழுவத்தைக் கழுவ வேண்டாம்.

அடுத்து போகும்போது உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் இதைச் சொல்லிவையுங்கள். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே. கர்ப்பத்தில் டாக்ஸிசைக்ளின் கொடுப்பதில்லை. ரிஃபாம்பிசினோடு கோட்ரைமாக்ஸசோல் சேர்ப்பார்கள், அதையும் பிரசவம் நெருங்கும் வாரங்களில் யோசித்துத்தான். எட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கும் ஏறக்குறைய அதே கூட்டு. அதனால் யாரும் வீட்டில் மீந்த மாத்திரையைப் பகிர வேண்டாம்.

வாய்க்கால்கரை | 17 நாள் கழித்து, சனி, இரவு 8.10

எம்.ஆர்.ஐ.யில் இடுப்பில் இரண்டு கணு எலும்புகளுக்கு நடுவில் பாதிப்பு. புருசெல்லாதான் என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஆறு வாரம் இப்போது மூன்று மாதம் ஆகிவிட்டது. முதலில் ஏழு நாள் ஜென்டாமைசின், சிறுநீரகம் பார்த்துப் பார்த்துப் போட்டார்கள். ராத்திரி வலி பாதி குறைந்திருக்கிறது. சர்க்கரைக்கு இன்சுலின் கொஞ்ச நாளைக்கு.

பாலை நிறுத்தியாயிற்று. அம்மாவுக்கு அதில் இன்னும் கோபம், "மருந்தைப் பால்ல குடுத்தா என்ன கெட்டுப் போச்சு" என்று.

மூன்று மாட்டில் இரண்டுக்குப் பாசிட்டிவ். சந்தை மாடும், வீட்டிலேயே பிறந்த மயிலைப் பசுவும்.

பாலைவனத்தான் | சனி, இரவு 8.45

மூன்று மாதம் பெரிசு இல்லை தம்பி, போயிடும். காலண்டரில் தேதி கிழிக்கும்போது மாத்திரை என்று பழக்கிவிடுங்கள். நான் இரண்டாவது தடவை அப்படித்தான் முடித்தேன். ஆறு வருடம் ஆகிறது, திரும்ப வரவில்லை.

நாட்டுமாடு | சனி, இரவு 9.30

மயிலை நாட்டு மாடாச்சே. அதுக்கும் வந்திருக்கா?

ஈத்துக்கணக்கு | சனி, இரவு 9.41

ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்திருக்கும்.

வாய்க்கால்கரை | சனி, இரவு 10.05

ஆமாம் சார், ஒரே தொட்டிதான். மயிலை இப்போது எட்டு மாதச் சினை. முழங்கை வரைக்கும் வருகிற கையுறை ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். அப்பா போட்டுப் பார்த்துவிட்டு, வழுக்குகிறது, கன்றுக்குட்டியின் காலைப் பிடிக்க முடியாது என்று கழற்றிவிட்டார். இந்த ஈத்துக்கு நான் ஒரு வாரம் லீவு போட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எனக்குக் கன்று இழுத்துப் பழக்கம் இல்லை. சார், அன்றைக்கு உங்களை போனில் பிடிக்க முடியுமா?

ஈத்துக்கணக்கு | சனி, இரவு 10.12

தனிச்செய்தியில் எண் அனுப்பியிருக்கிறேன். பனிக்குடம் தெரிந்ததும் கூப்பிடுங்கள், ராத்திரி என்றாலும். கண்ணாடியும் முகக்கவசமும் வாங்கிக்கொள்ளுங்கள். அப்பாவைத் தொழுவத்துக்கு வெளியே கட்டிலில் உட்கார வைத்து, அங்கிருந்தே உங்களைத் திட்டச் சொல்லுங்கள்.